விருந்தாளிக்கு ஒதுக்கிய ரீல்

லான் போன வாரம் வீட்டுக்கு வந்தாள். எண்பதுகளில் எங்கள் கல்லூரியில் இயற்பியல் படித்த பெண். இப்போது ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் திரைப்படத் துறைக்குத் தலைவி. பல துறைகள் சேர்ந்து நடத்தும் சினிமாப் படிப்பு ஒன்றைத் தொடங்குகிறார்களாம். "இந்த ஊர்லயே இதுதான் முதல் தடவைன்னு பசங்க நோட்டீஸ் அடிச்சுட்டாங்கக்கா. நாங்க அப்பவே படிச்சோம்னு சொன்னா சிரிக்கிறாங்க. எப்படிப் படிச்சோம்னு சொன்னா இன்னும் அதிகமா சிரிக்கிறாங்க. நீங்களே எழுதிக் குடுங்க" என்றாள்.

வியட்நாமியத்தில் இரண்டு பக்கம் மரியாதையாக எழுதிக் கொடுத்துவிட்டேன். மரியாதைக்காக விட்டதையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன். எங்கள் கல்லூரி லாம் சாரின் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. அங்கே வியட்நாமியத்தில் பேசியதையும் நம் பேச்சிலேயே போட்டிருக்கிறேன், இல்லாவிட்டால் எனக்கு எழுத ஓடாது.

என் பெயர் அமலோற்பவம். கல்லூரியில் யார் வாயிலும் நுழையாததால் அமலா. அப்பா காரைக்காலிலிருந்து வந்து பிரெஞ்சுக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர். நான் சைகோனில் பிறந்தவள். எழுபத்தைந்தில் ஆட்சி மாறியதும் நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். அப்பா அதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டார். அம்மாவிடம் கேட்டேன். "கப்பல்னா எனக்குக் குமட்டும். ஏரோப்ளேன்னா விழும். நீ வேணா போ" என்றாள். என்னத்தைப் போவது? டோங் டு பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாம் மாடியில் அம்மாவும் நானும் இருந்தோம்.

பிழைப்புக்கு ஒரு தியேட்டரில் சேர்ந்தேன். வெளிநாட்டுப் படம் வந்தால் இங்கே ஒரே ஒரு ஆள் மைக் முன்னால் உட்கார்ந்து எல்லோருடைய வசனத்தையும் வியட்நாமியத்தில் சொல்லிக்கொண்டே போவார். கதாநாயகன், கதாநாயகி, வில்லன், குழந்தை, போலீஸ்காரன் எல்லோருக்கும் அந்த ஒரே குரல்தான். படத்தின் சத்தத்தை மெல்லக் குறைத்துவிடுவார்கள். அதற்குச் சில விதிகள் உண்டு. நடிகர் பேச ஆரம்பித்து அரை மூச்சுக் கழித்துத்தான் ஆரம்பிக்கணும். குரல் ஏறக்கூடாது, இறங்கக்கூடாது. தாய் செத்தாலும் தாலி அறுந்தாலும் அரிசி விலை வாசிக்கிற மாதிரியே வாசிக்கணும். எல்லாவற்றுக்கும் மேலே, சிரிக்கவே கூடாது. மைக்கில் ஒருமுறை சிரித்துவிட்டால் அந்தப் படம் போச்சு, கொட்டகை முழுக்க நம்மைத்தான் பார்க்கும். இதைக் கற்றுக்கொள்ள மூன்று வருடம் ஆயிற்று. பிறகு கல்லூரியில் அதே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அங்கே புரொஜெக்டர் ஓட்டியவர் சொக்கலிங்கம் அண்ணன். செட்டிநாட்டிலிருந்து வட்டிக்கடைக்குக் கணக்குப்பிள்ளையாக வந்தவர். முதலாளிகள் ஊருக்குக் கிளம்பியபோது, கோயில் விளக்கைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று இவரை விட்டுவிட்டுப் போனார்கள். பகலில் புரொஜெக்டர் விளக்கு, சாயங்காலம் கோயில் விளக்கு. கல்லூரியில் தமிழ் பேச எங்கள் இரண்டு பேரைத் தவிர நாதியில்லை. அதனால் நாள் முழுக்கச் சண்டை போட்டோம்.

அந்தச் சண்டை ஒருமுறை படத்திலேயே ஏறிவிட்டது. மைக்கைக் கையால் மூடிக்கொண்டுதான் கத்தினேன். "அண்ணே, என் டப்பாவுல இருந்த மீனை ஏன் தொட்டீங்க?" "தங்கச்சி, நான் எங்கனத்தா தொட்டேன்? பூனை இருக்குல்ல, அதைக் கேளு!" கை சரியாக மூடவில்லை. ஓடிக்கொண்டிருந்ததும் தமிழ்ப் படம். மாணவர்களுக்கு எது படம், எது நாங்கள் என்று எப்படித் தெரியும்? கண்ணுக்குத் தெரியாத ஒரு பெண் தன் உணவைக் களவு கொடுத்துக் கதறுவது இந்திய உழவரின் பசியைக் குறிக்கிறது என்று பொருளாதாரத் துறைப் பையன் ஒருவன் கட்டுரை எழுதினான். நல்ல மதிப்பெண் வாங்கினான்.

இனி லாம் சார். கல்லூரியில் பாடத்திட்டத்தைப் பார்த்தவர் அவர்தான், பங்கீட்டையும் அவரே பார்த்தார். அப்போது எல்லாமே பங்கீடு. அரிசி, துணி, மீன், சோப்பு எது வந்தாலும் முற்றத்தில் பலகையைப் போட்டு லாம் சார் பிரிப்பார். பிரிப்பதற்கு முன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். ஒரு பெருமூச்சு விடுவார். "யாருக்கும் குறையப்படாது" என்பார். பிறகு கத்தியை எடுப்பார். மீனின் தலை யாருக்கு, வால் யாருக்கு என்று சீட்டுக் குலுக்குவோம். பங்கு போட்டு ஒரு துண்டு மிஞ்சினால் அதைத் தாமரை இலையில் கட்டித் தனியே வைப்பார். அது விருந்தாளிக்கு. மேலிடத்திலிருந்து யாராவது திடீரென்று வந்தால் என்ன செய்வது? ஒருமுறை கல்லூரிக்கு ஒரே ஒரு சைக்கிள் வந்தது. அதையும் பிரித்தார். எனக்கு ஒரு பெடல் விழுந்தது. அதற்கு ஜோடிப் பெடல் நூலகரிடம். உன்னுடையதை எனக்குக் கொடு, என்னுடையதை உனக்குத் தரமாட்டேன் என்று ரொம்ப நாள் பேரம் பேசினோம்.

நேர்மையான மனிதர். தம் பங்கைக்கூட மற்றவர்கள் எடுத்த பிறகுதான் எடுப்பார். அந்த நேர்மைதான் எங்களைப் படுத்தியது.

சினிமாவை வரலாறு, பொருளாதாரம், இலக்கியம், இயற்பியல் ஆகிய நான்கு துறைகளும் சேர்ந்து கற்பிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அதோடு இந்தியாவிலிருந்து வந்த நட்புக் குழு ஒன்று கொடுத்துவிட்டுப் போன தமிழ்ப் படம் ஒன்றும் வந்தது. பதினேழு ரீல். தகரப் பெட்டிகளை முற்றத்தில் அடுக்கி வைத்துவிட்டு லாம் சாரைப் பார்த்தோம்.

லாம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெருமூச்சு விட்டார்.

"துறைக்கு நாலு ரீல்" என்றார். "யாருக்கும் குறையப்படாது."

"சார், இது மீன் இல்ல சார். எல்லாரும் எல்லாத்தையும் பாக்கலாம். பாத்தா தேஞ்சு போயிடாது" என்றேன்.

"தேயும்" என்றார் சொக்கலிங்கம் அண்ணன் பின்னாலிருந்து. உண்மையைச் சொல்ல அவருக்கு அந்த நேரம்தான் கிடைத்தது. ரீல் ஓட ஓடக் கீறல் விழத்தான் செய்யும்.

முடிந்தது கதை. சீட்டுக் குலுக்கினார்கள். முதல் நாலு ரீல் வரலாற்றுக்கு, அடுத்த நாலு பொருளாதாரத்துக்கு, அதற்கடுத்தது இலக்கியத்துக்கு, அப்புறம் இயற்பியலுக்கு. ஒரு துறையின் ரீலை இன்னொரு துறை பார்க்கக்கூடாது, பங்குச் சண்டை வரும். பதினேழாவது ரீல் மிஞ்சியது. லாம் சார் அதைத் தம் அலமாரியில் வைத்துப் பூட்டினார். விருந்தாளிக்கு!

படத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கல்யாணம். மாப்பிள்ளை கையில் குடையோடு வீட்டை விட்டு வெளியே நடக்கிறார். நான் கோயில் மணி கேட்டு வளர்ந்தவள், ஆனால் மாதா கோயில் மணி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சொக்கலிங்கம் அண்ணன்தான் சொன்னார். "எங்க வீட்டுல இல்ல தங்கச்சி, ஐயர் வீட்டுக் கல்யாணத்துல பாத்திருக்கேன். கல்யாணம் வேணாம், காசிக்குப் போறேன்னு மாப்பிள்ளை ஒரு பேச்சுக்குக் கிளம்புவாரு. பொண்ணைப் பெத்தவரு நாலு எட்டுல மறிச்சு, பொண்ணைத் தர்றேன் வாங்கன்னு கூட்டியாரணும்."

அதை வரலாற்றுத் துறைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவைத்தேன். இந்தப் படத்தில் பெண்ணைப் பெற்றவர் அந்த நேரத்தில் சமையல்காரரோடு பாயசத்தில் முந்திரி போதாது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். மறிக்க யாரும் வரவில்லை. மாப்பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். தானாகத் திரும்பினால் மானம் போய்விடுமே! நடந்துகொண்டே போய்க் கடைசியில் பஸ் ஏறிவிடுகிறார். இது வரலாற்றுத் துறையின் பங்கு.

பட்டணத்தில் குடை ரிப்பேர் செய்து, குடைக்கடை வைத்து, பணக்காரர் ஆகிறார். இது பொருளாதாரத்துக்கு. அவர்கள் இதை ஒரு குடை வியாபாரியின் வெற்றிக் கதை என்றே நினைத்தார்கள். கல்யாணம் நின்றதற்கு யார் காரணம் என்று பெண் வீட்டார் வழக்குப் போடுகிறார்கள். குடைதான் சாட்சிப் பொருள். இது இலக்கியத்துக்கு. நாலு ரீலும் நீதிமன்றம், ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. அந்த மாணவர்கள் அழாத குறை. பாட்டெல்லாம் இயற்பியலுக்குப் போய்விட்டது. கொட்டும் மழையில் மாப்பிள்ளையும் பெண்ணும் தற்செயலாக அதே குடைக்குள் ஒதுங்கிச் சமாதானம் ஆகிறார்கள், கல்யாணமும் செய்துகொள்கிறார்கள். கதாநாயகி மேல் மட்டும் மழை பெய்வது எப்படி என்று லான் பலகை நிறையக் கணக்குப் போட்டாள். பதினாறாவது ரீலின் முடிவில் அவர்களுடைய மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வந்து இறங்குகிறார்கள். அதற்கு மேல் என்ன நடந்தது என்று அப்போது யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆனால் பதினாறு வரைக்கும் முழுசாகத் தெரிந்தவர்கள் மூன்று பேர். நான், சொக்கலிங்கம் அண்ணன், அப்புறம் என் அம்மா. அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது, மாடிப்படி இறங்கமாட்டாள். சாயங்காலம் நான் சோறு பொங்கிக்கொண்டே அன்றைக்கு வாசித்ததைச் சொல்வேன். அவள் சும்மா கேட்கமாட்டாள். "மோந்தியே, கடவுளே! அந்த மனுசனுக்கு முந்திரியா பெருசு? மாப்பிள்ள பஸ்ஸேறுறான்டி, போய்ப் புடிக்கச் சொல்லு!" என்று என்னையே திட்டுவாள். பிறகு தினமும் ஒரே கேள்வி. "முந்திரிக்காரன் பேத்தி கல்யாணமாவது நடந்திச்சா?" "பூட்டி வெச்சிருக்காங்கம்மா." "எவன் பூட்டினான்? அவன் நல்லா இருப்பானா?"

கேட்க ஆளில்லாத அம்மா அவள். கீழ்வீட்டுக்காரியோடு கோழிக்காகச் சண்டை, எதிர்வீட்டுக்காரரோடு ரேடியோவுக்காகச் சண்டை. நான் இல்லாவிட்டால் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க அந்தச் சந்தில் ஒருத்தரும் வரமாட்டார்கள். அதனால்தான் லாம் சார் ஒருநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னதை இரண்டு தடவை திருப்பிக் கேட்டேன்.

"ஹனோயிலேருந்து ஒரு அம்மா பாக்க வர்றாங்க. இந்தப் படிப்பு வேணுமா வேணாமான்னு அவங்கதான் சொல்லணும். வேணாம்னுட்டா புரொஜெக்டர் வேற கல்லூரிக்குப் போயிடும். உங்களுக்குக் குச்சிப் பண்ணையில இடம் பாத்து வெச்சிருக்கேன்" என்றார். ஊருக்கு வெளியே குச்சி என்ற இடத்தில் கல்லூரிக்கு ஒரு பண்ணை இருந்தது. "பன்னி மேய்க்கணும். அங்கேயே தங்கிக்கலாம். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரலாம்." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொக்கலிங்கம் அண்ணனுக்கு மரவள்ளி, எனக்குப் பன்றி, அதுவும் பங்கீடுதான்.

வந்தவர் ஹான் அம்மாள். ஒல்லியான உடம்பு, கையில் ஒரு விசிறி, முகத்தில் சிரிப்புக்கான அடையாளமே இல்லை. ரயிலுக்கு நேரமாகிறது, முழுப் படம் பார்க்க முடியாது, ஒரு ரீல் போடுங்கள் போதும் என்றார். லாம் சாரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! இத்தனை நாள் காத்த துண்டுக்கு விருந்தாளி வந்துவிட்டார். ஓடிப்போய் அலமாரியைத் திறந்தார்.

நான்கு துறை மாணவர்களும் அன்றுதான் முதல்முறையாக ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். நான் பார்க்காத ரீலை வாசிக்க வேண்டும். "அண்ணே, மாதாவை வேண்டிக்குங்க" என்றேன். "நான் முருகனை வேண்டிட்டேன். மாதாகிட்ட நீயே பேசிக்க" என்றார் அவர்.

படம் ஓடியது. கல்யாண வீடு. புது மாப்பிள்ளை படியில் வருகிறான். யாரோ ஒருவன் அவனிடம் ஒரு குடையை நீட்டுகிறான். ஒரு கணம் எல்லோரும் அப்படியே நிற்கிறார்கள். மறுகணம் அப்பா, அம்மா, சித்தப்பா, வக்கீல், சமையல்காரர் என்று வீடே அந்தக் குடை மேல் பாய்ந்து பிடுங்குகிறது. கிழட்டுத் தாத்தா வாழையிலையில் வழுக்கி விழுகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். சுபம். அவ்வளவுதான்! ஒரு பெட்டியில் பாதிகூட இல்லாத ரீல். வசனம் ஒன்றுமே கிடையாது. எதையாவது வாசித்தாக வேண்டுமே என்று அரிசி விலைக் குரலில், "எல்லோரும் சிரிக்கிறார்கள்" என்றேன்.

விளக்குப் போட்டார்கள். அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஹான் அம்மாள் விசிறியை மடக்கினார்.

"ஏன் சிரிக்கிறாங்க?"

நான் மைக்கில் வாய் வைத்தேன். "நீங்க இருங்க. படிச்ச பிள்ளைங்க சொல்லட்டும்" என்றார். எனக்குக் குச்சிப் பன்றிகளின் உறுமலே காதில் கேட்டது.

வரலாற்றுத் துறைப் பெண் ஒருத்தி எழுந்தாள். குடையோடு கிளம்புவது அவர்கள் வழக்கம், மாமனார் மறிக்க வேண்டும், அன்றைக்கு மறிக்கவில்லை, மாப்பிள்ளை போய்விட்டார் என்றாள். பொருளாதாரத் துறையிலிருந்து அந்தக் கட்டுரைப் பையன் துள்ளி எழுந்தான். "என்னது, கல்யாணத்தை விட்டு ஓடிவந்தவனா? நாங்க அவரை உழைப்பாளின்னு பாராட்டி எழுதினோமே!"

"அவரேதான்! ஒட்டுப் போட்ட கறுப்புக் குடைதானே?" என்று இலக்கியத்திலிருந்து ஒரு குரல். "அதைக் கோர்ட்டுல மேஜை மேல வெச்சு நாலு ரீல் பேசினாங்க. யார் குடைன்னே எங்களுக்குத் தெரியல!"

"ஒட்டு நாங்க போட்டது! ஆறாவது ரீல்!"

"அதே ஒட்டு வழியாத்தான் மழை ஒழுகிச்சு!" என்று லான் பெஞ்சு மேல் ஏறி நின்றாள். "அதனாலதான் அவ மேல மட்டும் பெஞ்சிருக்கு! ஐயோ, நான் மேகத்தை வெச்சுக் கணக்குப் போட்டேனே!"

அதற்கப்புறம் யாரும் எழுந்து நின்று பேசவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பெஞ்சு தாண்டிப் போய் ஒருவரை ஒருவர் உலுக்கினார்கள். வக்கீல் யார், சமையல்காரர் ஏன் முதலில் பாய்ந்தார், தாத்தா முந்திரிக்காகச் சண்டை போட்டவர்தானா? ஒரு வருடமாக ஒரே படத்தைப் படித்தவர்கள் அன்றைக்குத்தான் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். லாம் சார் ஒவ்வொரு கேள்விக்கும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஹான் அம்மாள் விசிறுவதை மறந்துவிட்டார். "பிறகு?" "அப்புறம்?" என்று குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தார். ரயிலைப் பற்றி மூச்சுவிடவில்லை. எல்லாம் கேட்டு முடித்ததும் திரும்பி, "அந்த ரீலை மறுபடி போடுங்க" என்றார்.

மறுபடி போட்டார் அண்ணன். படியில் புது மாப்பிள்ளை வந்தான். குடையை நீட்டினான் அந்தப் பாவி. திரையில் யாரும் அசைவதற்கு முன்னால் அறையே சிரிப்பில் வெடித்தது. புரொஜெக்டருக்குப் பின்னால் சொக்கலிங்கம் அண்ணன் "ஏ, புடுங்குங்கடா!" என்று தமிழிலேயே கத்தினார். ஹான் அம்மாள் விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டார், ஆனால் தோள் குலுங்கியது. எனக்கு உள்ளே முட்டிக்கொண்டு வந்தது. தொடையைக் கிள்ளிக்கொண்டு, "எல்லோரும் சிரிக்கிறார்கள்" என்று அரிசி விலை வாசித்தேன்.

போகும்போது ஹான் அம்மாள் கேட்டார். "யாருக்கும் முழுப் படத்தைக் காட்டாம, ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கேக்க வைக்கிறது யார் யோசனை?"

"மீன் பிரிக்கிற முறைங்க" என்றார் லாம் சார். பொய் சொல்லத் தெரியாத ஜன்மம்.

"தொடர்ந்து பிரிங்க" என்றார் அந்த அம்மாள்.

படிப்பு தப்பியது, நானும் தப்பினேன். அந்தச் சந்தோஷத்துக்குக் குச்சியிலிருந்து ஒரு பன்றியை வரவழைத்தார்கள். நான் பன்றியிடம் போகவில்லை, பன்றி என்னிடம் வந்தது. முற்றத்தில் பலகை போட்டார்கள். எனக்குச் சீட்டில் வால் விழுந்தது. அண்ணன் தம் பங்கைத் தொடவில்லை. "விளக்கேத்துற கை, பன்னியைத் தொடாது தங்கச்சி. நீ எடுத்துக்க. மீன் கணக்கு தீர்ந்துச்சு" என்றார். அப்போ மீனைத் தின்றது பூனை இல்லை!

வழக்கம்போல ஒரு துண்டு மிஞ்சியது. நல்ல தொடைக்கறி. லாம் சார் அதைத் தாமரை இலையில் கட்டினார். கட்டிவிட்டு அலமாரிப் பக்கம் போகாமல் என்னிடம் வந்தார். "இது விருந்தாளிக்கு. விருந்தாளி ரயிலேறிட்டாங்க. உங்க வீட்டுல மாடிப்படி இறங்க முடியாத ஒரு அம்மா இருக்காங்கன்னு சொக்கலிங்கம் சொன்னாரு. குடுங்க" என்றார். அந்த மனிதர் பிரித்து நான் பார்த்த காலமெல்லாம் யாருக்கும் ஒரு துணுக்குக்கூட அதிகம் கொடுத்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் வினிகர் ஊற்றிக் காரைக்கால் முறையில் சமைத்தேன். அம்மா மென்றுகொண்டே, "பூட்டினவன் நல்லவன்தான் போல" என்றாள். பிறகு, "அது கெடக்கட்டும். பேத்தி கல்யாணம் என்ன ஆச்சு?"

"மாப்பிள்ள படியில வந்தாரும்மா. அப்ப ஒருத்தன் சும்மா இருக்காம, அவர் கையில ஒரு குடையை நீட்டினான்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வாயைப் பொத்தினாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டச் சிரித்தாள். கீழ்வீட்டுக்காரி என்னவோ ஏதோ என்று கோழியைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடிவந்தாள்.

"இன்னும் நான் சொல்லி முடிக்கலையேம்மா!"

"இன்னும் என்னடி சொல்ல இருக்கு? எல்லாரும் பாஞ்சு புடுங்கியிருப்பாங்க!"

அந்தப் படத்தில் ஒரு காட்சியைக்கூடக் கண்ணால் பார்க்காதவள் அவள். பக்கத்தில் மைக் இல்லை. நானும் சிரித்தேன்.